தோட்டா வாங்கும் முன்: அமெரிக்க மாநிலச் சட்டங்களை எந்த வரிசையில் பார்ப்பது?

2024ஆம் ஆண்டில் அலபாமா, ஓக்லஹோமா, டெக்சஸ் மாநிலங்களில் சில மளிகைக் கடைகளுக்குள் தோட்டா விற்கும் தானியங்கி இயந்திரங்கள் வைக்கப்பட்டன. வாங்க வருபவர் தம் ஓட்டுநர் உரிமத்தை அதில் காட்ட வேண்டும். இயந்திரம் உரிமத்திலுள்ள படத்தையும் எதிரே நிற்பவரின் முகத்தையும் ஒப்பிட்டு, 21 வயது நிரம்பியவர்தாம் என்று உறுதிசெய்துகொண்டு, பெட்டியை வெளியே தரும். பாலும் முட்டையும் வாங்கப் போனவர் அதே நடையில் தோட்டாவும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பலாம். அதே பெட்டியை நியூயார்க்கில் வாங்குவதற்கு, பதிவுபெற்ற விற்பனையாளரிடம் நேரில் சென்று, மாநிலக் காவல்துறை நடத்தும் பின்னணிச் சோதனைக்காக 2.50 டாலர் செலுத்தி, விடை வரும்வரை காத்திருக்க வேண்டும். இல்லினாயில் வசிப்பவரோ, அதற்கென உள்ள அடையாள அட்டை இல்லாமல் அந்தப் பெட்டியை வீட்டில் வைத்திருந்தாலே குற்றம்.

இதைப் பார்த்து, தெற்கு மாநிலங்களில் சட்டச் சிக்கல் இல்லை என்றும், கடற்கரை மாநிலங்களில்தான் கவனம் தேவை என்றும் பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். என் கணிப்பு இதற்கு நேர்மாறானது. கலிஃபோர்னியாவிலோ நியூயார்க்கிலோ உங்களுக்குத் தகுதி இல்லையென்றால், அதைக் கடையின் கணினியே சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பிவிடும். டெக்சஸில் அப்படிச் சொல்ல ஆளில்லை. கேள்வி கேட்காத கடையில் வாங்குபவர்தாம் எல்லாக் கேள்விகளையும் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்விகளை எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்பதற்காகவே இந்த வழிகாட்டி. இது பொதுவான விளக்கம் மட்டுமே. குடியேற்ற நிலையில் ஐயம் உள்ளவர்கள் வழக்கறிஞரிடம் ஒரு முறை பேசிவிட்டே கடைப்பக்கம் போக வேண்டும்.

முதலில், மாநிலத்தை மறந்துவிட்டு உங்களைப் பாருங்கள்

மாநிலச் சட்டங்கள் அனைத்துக்கும் அடித்தளமாக நாடு முழுவதற்குமான மத்திய சட்டம் ஒன்று இருக்கிறது. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டமும் அதன் பிந்தைய திருத்தங்களும் சேர்ந்து, யாரெல்லாம் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்று வரையறுக்கின்றன. ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர், குடும்ப வன்முறைக்காகச் சிறு குற்றப்பிரிவில் தண்டனை பெற்றவர், தலைமறைவாக இருப்பவர், சட்டத்துக்குப் புறம்பாகப் போதைப்பொருள் பயன்படுத்துபவர் ஆகியோர் அந்தப் பட்டியலில் உள்ளனர். கஞ்சாவை மாநிலம் அனுமதித்திருந்தாலும், அதைப் பொழுதுபோக்காகப் பயன்படுத்துபவரை மத்திய சட்டம் இந்தப் பட்டியலில்தான் வைத்திருந்தது. இந்தப் பிரிவை எதிர்த்து அரசியலமைப்பு வழக்குகளும் நடந்து வருகின்றன. வழக்கு நடக்கிறது என்பதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அமெரிக்காவில் வாழும் நம்மவர்களில் மிகப் பலருக்குப் பொருந்தும் பிரிவு இனிமேல்தான் வருகிறது. குடியேற்றம் சாரா விசாவில் அனுமதிக்கப்பட்ட வெளிநாட்டவர், அதாவது எச்-1பி, எல்-1, எச்-4, எஃப்-1, பி-2 போன்ற விசாக்களில் இருப்பவர், துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது என்பது 1998 முதல் நடைமுறையில் உள்ள விதி. வேலை, வரி, வீட்டுக்கடன் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதே என்பதனால் இந்த விதி தளர்ந்துவிடாது. இதற்கு உள்ள விலக்குகளில் நடைமுறையில் பயன்படுவது ஒன்றுதான்: ஏதேனும் ஒரு அமெரிக்க மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருக்க வேண்டும். குறிசுடும் பயிற்சிக்கூடங்கள் சில, எச்-1பி என்று தெரிந்தவுடன் வேட்டை உரிமத்தைக் கேட்பதன் காரணம் இதுவே. கிரீன் கார்டு பெற்றவர்களுக்கும் குடியுரிமை பெற்றவர்களுக்கும் இந்தத் தடை இல்லை. கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்திருப்பது கிரீன் கார்டு பெற்றதாகாது.

இது ஏட்டளவில் நின்றுவிடும் விதி அல்ல என்பதற்கு ரெஹைஃப் வழக்கைச் சொல்லலாம். ஃபுளோரிடாவில் எஃப்-1 விசாவில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் மதிப்பெண் குறைந்து கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். அதனால் அவருடைய குடியேற்ற நிலையும் முடிவுக்கு வந்தது. அதன்பின் அவர் ஒரு பயிற்சிக்கூடத்துக்குச் சென்று, ஒரு பெட்டித் தோட்டா வாங்கி, துப்பாக்கியை வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்தார். துப்பாக்கி வைத்திருந்ததற்கும் தோட்டா வைத்திருந்ததற்கும் தனித்தனியாக அவர் மேல் வழக்குப் போடப்பட்டுத் தண்டனையும் விதிக்கப்பட்டது. 2019இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ஏற்கவில்லை; தாம் தடைசெய்யப்பட்ட பிரிவினர் என்பது குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசுத்தரப்பு நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆயினும் பயிற்சிக்கூடத்தில் கழித்த சில மணி நேரம் அவரைப் பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் நிறுத்தியது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இந்தப் பிரிவில் உச்ச தண்டனை 15 ஆண்டுச் சிறை. வெளிநாட்டவராயின் நாடுகடத்தலும் இதனுடன் சேர்ந்து வரக்கூடும்.

வயது வரம்பும் மத்திய சட்டத்தில்தான் தொடங்குகிறது. உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடை, ரைஃபிள் அல்லது ஷாட்கன் தோட்டாவை 18 வயது நிரம்பியவருக்கும், கைத்துப்பாக்கித் தோட்டாவை 21 வயது நிரம்பியவருக்கும்தான் விற்கலாம். .22 காலிபர் (காலிபர் என்பது குழல் விட்டத்தின் அளவு) போன்ற தோட்டாக்கள் இரண்டு வகைத் துப்பாக்கிகளுக்கும் பொருந்தும் என்பதால், 19 வயதுக்காரர் அதைக் கேட்டால், ரைஃபிளுக்காகத்தான் வாங்குகிறார் என்று கடைக்காரர் மனநிறைவு அடைய வேண்டும். "எதற்கு?" என்று அவர் கேட்பது இதனால்தான்.

மத்திய சட்டத்தில் இல்லாததையும் தெரிந்துகொள்ள வேண்டும். துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473ஆம் எண் படிவம் தோட்டாவுக்குக் கிடையாது. பின்னணிச் சோதனையும் கிடையாது. 1968இல் தோட்டா விற்பனையையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று இருந்தது. 1986இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதைப் பெரும்பாலும் நீக்கியது. தோட்டா மட்டும் விற்பவருக்கு மத்திய உரிமம் தேவையில்லை என்பதும் அப்போது வந்த மாற்றமே. மாநிலங்களுக்கிடையே இன்று நாம் காணும் இவ்வளவு வேறுபாட்டுக்கும் இடம் விட்டது அந்த வெற்றிடம்தான்.

எதைத் தோட்டா என்கிறது சட்டம்?

முழுத் தோட்டா மட்டுமே தோட்டா என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மத்திய சட்டத்தின் வரையறையில் பித்தளைக் கூடு, அடியில் பொருத்தப்படும் பிரைமர், முன்னால் உள்ள ஈயக்குண்டு, உள்ளே அடைக்கும் வெடிமருந்து ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியாகவே தோட்டாவில் அடங்குகிறது. மாசசூசெட்ஸின் வரையறையும் ஏறக்குறைய அதேதான். பயிற்சிக்கூடத்துத் தரையில் சூடாக உருண்டு கிடக்கும் 9 மி.மீ. கூடு ஒன்றை நினைவுப்பொருளாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவது நம்மவர்களிடையே மிகச் சாதாரணம். துப்பாக்கிக்கென மாநிலம் தரும் அட்டை எதுவும் இல்லாதவர், விசாவில் இருப்பவர், அதைக் கீழேயே விட்டுவிட்டு வருவது நல்லது. காலிக்கூட்டுக்காக யாரும் தேடி வரப்போவதில்லைதான். ஆனால் வேறு காரணத்துக்காகத் தேடி வருபவர்கள் அதையும் சேர்த்து எழுதிக்கொள்வார்கள்.

அடுத்து, நீங்கள் வசிக்கும் மாநிலம்

மாநிலங்களைப் பெயர்வாரியாக மனப்பாடம் செய்வதில் பயனில்லை. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சோதிக்கும் மாநிலம், ஒரே முறை சோதித்து அட்டை கொடுத்துவிடும் மாநிலம், மத்திய சட்டத்துக்கு மேல் பெரிதாக எதுவும் சேர்க்காத மாநிலம் என்று மூன்று போக்குகளாகப் பார்த்தால் போதும். பெரும்பாலான மாநிலங்கள் மூன்றாவது போக்கில்தான் உள்ளன.

முதல் போக்குக்குக் கலிஃபோர்னியா முன்னோடி. 2016 நவம்பரில் வாக்காளர்கள் ஏற்றுக்கொண்ட 63ஆம் முன்மொழிவின்படி, 2018 ஜனவரி முதல் உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாக நேரில் மட்டுமே தோட்டா வாங்க முடியும். 2019 ஜூலை முதல் ஒவ்வொரு கொள்முதலுக்கும் பின்னணிச் சோதனை உண்டு. கடையில் நடப்பது இதுதான். நீங்கள் ஓட்டுநர் உரிமத்தை நீட்டுகிறீர்கள். விற்பவர் அதைக் கருவியில் இழுக்கிறார். உங்கள் பெயர், பிறந்த தேதி, முகவரி ஆகியவை மாநில நீதித்துறையின் துப்பாக்கிப் பதிவேட்டுடன் ஒப்பிடப்படுகின்றன. ஏற்கெனவே உங்கள் பெயரில் துப்பாக்கி பதிவாகியிருந்து, எல்லாம் எழுத்துப் பிசகாமல் பொருந்தினால் சில நிமிடங்களில் ஒப்புதல் வந்துவிடும். இதற்குத் தொடக்கத்தில் 1 டாலர்தான் கட்டணம். பதிவேட்டில் பெயரே இல்லாதவருக்கு விரிவான சோதனை; அதற்கு 19 டாலர் என்று வைத்தார்கள், விடை வர நாட்கள் பிடிக்கும்.

இடறுவது பெரும்பாலும் "எழுத்துப் பிசகாமல்" என்ற இடத்தில்தான். சோதனை தொடங்கிய முதல் மாதங்களில் எளிய சோதனைக்குச் சென்றவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் திருப்பி அனுப்பப்பட்டார் என்பது நீதிமன்றப் பதிவுகளில் உள்ளது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தடைசெய்யப்பட்டவர்கள் அல்லர். வீடு மாறியபின் பதிவேட்டில் முகவரியை மாற்றாதவர்கள், பெயர் வேறுவிதமாகப் பதிவானவர்கள். தமிழ்ப் பெயர்களுக்கு இதில் தனி இடர்ப்பாடு உண்டு. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயராக இருந்து, விசாவில் 'எஃப்.என்.யு.' (முன்பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று முன்பெயர் விழுந்து, ஓட்டுநர் உரிமத்தில் அப்பா பெயர் குடும்பப் பெயராகி, குடியுரிமை பெறும்போது மீண்டும் மாற்றி எழுதப்பட்ட ஒருவருக்கு, எந்தப் பெயரில் துப்பாக்கி பதிவானது என்பது அவருக்கே நினைவிருக்காது. ஆகவே கடைக்குப் போகுமுன் துப்பாக்கி வாங்கியபோது கொடுத்த ரசீதை எடுத்து, அதிலுள்ள பெயரையும் முகவரியையும் இன்றைய உரிமத்துடன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபட்டிருந்தால் மாநில நீதித்துறையின் இணையச் சேவை வழியாக முன்பே திருத்திக்கொள்ளலாம். உரிமத்தின் முகப்பில் மத்திய வரம்புகள் பொருந்தும் என்ற குறிப்பு இருந்தால், அந்த உரிமம் மட்டும் போதாது. கடவுச்சீட்டு போன்ற கூடுதல் ஆவணமும் தேவைப்படும்.

கலிஃபோர்னியாவின் இந்த ஏற்பாட்டை எதிர்த்து, தொடர்ந்து ஆறு ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற குறிசுடும் வீராங்கனை கிம் ரோட் முதலானோர் தொடுத்த வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து வருகிறது. 2020 ஏப்ரலில் மாவட்ட நீதிபதி ரோஜர் பெனிடெஸ் சோதனைக்கு இடைக்காலத் தடை விதித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் உடனே அதை நிறுத்திவைத்தது. 2024 ஜனவரி இறுதியில் மீண்டும் தீர்ப்பு வந்து, சில நாட்கள் சோதனையின்றி விற்பனை நடந்து, பிப்ரவரி முதல் வாரத்தில் மறுபடி சோதனை திரும்பியது. 2025 ஜூலையில் மூவர் அமர்வு 2-1 என்ற கணக்கில் சோதனை அரசியலமைப்புக்கு முரணானது என்றது. அப்போதும் கடைகளில் சோதனை உடனே நின்றுவிடவில்லை. செய்தித் தலைப்பைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் புறப்படுவது வீண் அலைச்சலாக முடியும். அன்றைய நிலையைக் கடைக்குத் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்வதே சரி.

நியூயார்க் 2013இலேயே தோட்டா விற்பவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும் வாங்குபவர்களைச் சோதிக்க வேண்டும் என்றும் சட்டம் இயற்றியது. சோதனைக்கான ஏற்பாடு ஆயத்தமாகாததால் அது பத்தாண்டு கிடப்பில் கிடந்து, 2023 செப்டம்பர் 13 முதல்தான் நடைமுறைக்கு வந்தது.

இரண்டாவது போக்கில் இல்லினாய் முக்கியமானது. அங்கு மாநிலக் காவல்துறை வழங்கும் துப்பாக்கி உரிமையாளர் அடையாள அட்டை 1968 முதல் இருந்து வருகிறது. கட்டணம் 10 டாலர், பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதை 'ஃபாய்டு' என்று ஒரே சொல்லாகச் சொல்வார்கள். சிகாகோவில் வசிக்கும் ஒருவர், துப்பாக்கி வாங்குவது பிறகு ஆகட்டும், தோட்டா மலிவாக இருக்கிறது, வாங்கி வைப்போம் என்று நினைத்தால்கூட முதலில் இந்த அட்டை கைக்கு வந்திருக்க வேண்டும். கனெடிகட்டில் 2012 டிசம்பரில் நியூடவுன் பள்ளியில் நடந்த படுகொலைக்குப் பின், 2013இல் தோட்டாவுக்கென்றே தனிச் சான்றிதழ் கொண்டுவரப்பட்டது. 35 டாலர், ஐந்து ஆண்டுகள். துப்பாக்கிக்கான அனுமதி ஏற்கெனவே உள்ளவர்களுக்கு இந்தச் சான்றிதழ் தனியாகத் தேவையில்லை. மாசசூசெட்ஸிலும் அட்டை அல்லது உரிமம் வேண்டும். அது இல்லாமல் ஒரே ஒரு தோட்டாவை வைத்திருந்தாலும் குற்றமே. நியூ ஜெர்சியில் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு வாங்குபவர் அடையாள அட்டை தேவை. முனையில் குழி உள்ள தோட்டாக்களை அங்கு வீட்டில் வைத்துக்கொள்ளலாம், பயிற்சிக்கூடத்துக்கோ வேட்டைக்கோ எடுத்துச் செல்லலாம். மற்றபடி காரில் போட்டுக்கொண்டு சுற்றுவது குற்றம். பக்கத்து மாநிலத்தவர் பலர் மாட்டிக்கொள்வது இந்த ஒன்றில்தான்.

மூன்றாவது போக்கான டெக்சஸ், அரிசோனா, ஜார்ஜியா போன்ற மாநிலங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அட்டை இல்லை, மாநிலச் சோதனை இல்லை. டெக்சஸில் குடிபோதையில் இருப்பவருக்குத் தோட்டா விற்பது குற்றம் என்று ஒரு பிரிவு உண்டு. அதை விற்பவர்தான் கவனிக்க வேண்டும். வாங்குபவர் கவனிக்க வேண்டியது, முன்பு சொன்ன மத்திய சட்டத்தின் பட்டியல். டாலஸிலோ ஹூஸ்டனிலோ எச்-1பி விசாவில் இருக்கும் ஒருவர் கடையில் பெட்டியை எடுத்துப் பணம் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடலாம். வண்டி நிறுத்துமிடத்தை அடைவதற்குள் அவர் மத்திய சட்டத்தை மீறியிருப்பார், கடையில் யாரும் ஒரு சொல் சொல்லியிருக்கமாட்டார்கள்.

நகரம், கடை, வரி

மாநிலத்துக்குள் நகரம் தனி விதி வைத்திருக்கலாம். நியூயார்க் நகரில் உங்கள் உரிமத்தில் உள்ள துப்பாக்கிக்குப் பொருந்தும் தோட்டாவை மட்டுமே வாங்கலாம், வாஷிங்டன் டி.சி.யிலும் பதிவான துப்பாக்கியின் காலிபரோடு தோட்டா பொருந்த வேண்டும். நண்பருக்காக வேறொரு காலிபர் வாங்கிக் கொடுக்கும் வழக்கம் இங்கெல்லாம் நடக்காது.

கடைகளின் சொந்தக் கொள்கையைச் சட்டத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வால்மார்ட் 2018 முதல் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தோட்டா விற்பதில்லை. 2019 ஆகஸ்டில் எல் பாசோ கடையில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் கைத்துப்பாக்கித் தோட்டா விற்பனையையும் கைவிடுவதாக அறிவித்தது. அங்கு கிடைக்கவில்லை என்பதற்காக அது சட்டவிரோதம் ஆகிவிடாது, வேறொரு கடையில் கிடைப்பதாலேயே உங்களுக்கு அது சட்டப்படியானதாகவும் ஆகிவிடாது.

விலைச்சீட்டில் வித்தியாசம் தெரிந்தால் வரியைப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை முதல் 11 சதவீதமும், கொலராடோவில் 2025 ஏப்ரல் முதல் 6.5 சதவீதமும் துப்பாக்கி, தோட்டா விற்பனைக்கான தனி வரியாக விற்பவர் மீது விதிக்கப்படுகின்றன; அவர் அதை விலையில் ஏற்றிவிடுகிறார்.

எல்லை தாண்டும்போது

இணையத்தில் வாங்குவது மூன்றாவது போக்கு மாநிலங்களில் செருப்பு வாங்குவது போலத்தான். பெட்டி வாசலுக்கு வரும். கலிஃபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் உள்ளூர் விற்பனையாளரின் முகவரிக்கு அனுப்பி, அங்கு போய்ச் சோதனை முடித்து எடுத்துக்கொள்ள வேண்டும். கைமாற்றுக் கட்டணமும் சேர்த்தால் இணைய விலையின் மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும். இல்லினாயில் அட்டையின் நகலை விற்பவருக்கு முன்பே அனுப்ப வேண்டும். எந்த மாநிலமாக இருந்தாலும் அமெரிக்க அஞ்சல்துறை வழியாகத் தோட்டா அனுப்பக் கூடாது. மீதமிருந்த பெட்டியை நண்பருக்குத் தபாலில் போடுவது மத்திய விதிகளை மீறுவதாகும்.

காரில் போகிறவர்களுக்குத்தான் பெரிய மயக்கம். பாஸ்டன் அருகே வசிப்பவர் எல்லையைத் தாண்டி நியூ ஹாம்ப்ஷயரின் நாஷுவாவில் ஒரு பெட்டி வாங்குகிறார். அந்த மாநிலம் அட்டை எதுவும் கேட்பதில்லை. திரும்பும் வழியில் எல்லைக்கோட்டைத் தாண்டும் அந்த நொடியில், அட்டை இல்லாதவராயின், அவர் மாசசூசெட்ஸ் சட்டப்படி குற்றவாளி. கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் வசிப்பவர் பக்கத்து நெவாடா மாநிலத்தின் ரீனோவில் வாங்கித் தம் காரிலேயே கொண்டுவருவதும் அப்படியே: கலிஃபோர்னியாவில் வசிப்பவர் வெளியில் வாங்கிய தோட்டாவை, சில விலக்குகள் தவிர, உள்ளூர் விற்பனையாளர் வழியாகத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும் என்று 63ஆம் முன்மொழிவின் ஏற்பாடு சொல்கிறது. வாங்கிய இடத்தின் சட்டம், கடந்து செல்லும் இடத்தின் சட்டம், வைத்திருக்கப்போகும் இடத்தின் சட்டம் என்று மூன்றையும் பார்க்க வேண்டும். துப்பாக்கியுடன் ஒரு மாநிலத்தைக் கடந்து செல்பவருக்கு 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஓரளவு பாதுகாப்புத் தருகிறது. ஆனால் புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் அவர் அதைச் சட்டப்படி வைத்திருக்கக் கூடியவராக இருக்க வேண்டும், துப்பாக்கியும் தோட்டாவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. நடுவில் இரண்டு நாள் உறவினர் வீட்டில் தங்கிவிட்டால் அதைக் கடந்து செல்வது என்று சொல்வது கடினம்.

உள்நாட்டு விமானத்தில், தோட்டாவை உரிய அட்டைப் பெட்டியில் அடுக்கி, ஏற்றிவிடும் பெட்டியில் மட்டுமே வைக்கலாம். எடை வரம்பை விமான நிறுவனத்திடம் கேளுங்கள். கைப்பையில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

சென்னைக்குப் புறப்படுபவர்கள் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பது குற்றம். அமெரிக்காவில் சட்டப்படி வாங்கியது என்ற ரசீது அங்கே உரிமமாகாது. தெரியாமல் பையில் தங்கிவிட்ட ஒற்றைத் தோட்டாவுக்காக இந்திய விமான நிலையங்களில் பயணிகள் மீது வழக்குப் பதிவாவது அவ்வப்போது நடக்கிறது. அறிந்தே வைத்திருந்தாரா என்பதை நீதிமன்றங்கள் பார்க்கின்றன, பலரை விடுவித்தும் இருக்கின்றன. ஆனால் அந்த நிலையை எட்டுவதற்குள் விடுமுறை முடிந்துவிடும், திரும்பும் பயணச்சீட்டும் வீணாகும். பயிற்சிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் முதுகுப்பையை ஊர்ப்பயணத்துக்கு எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால், அதைக் கவிழ்த்து உதறி, பக்க அறைகளின் தையல் ஓரம்வரை விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, அதன்பின் துணியை அடுக்குங்கள்.